ஊதா வெளிச்சத்தில் காணாமல் போன பல்

தீபாவளி அன்று சாயங்காலம், வங்காளத்து டாக்குரியாவில் மதுவந்தி குடியிருந்த கட்டடத்தின் கார் ஷெட்டில் பேய்கள் குடியேறின. கட்டடத்துப் பெரிய பிள்ளைகள் செய்த ஏற்பாடு அது. சுவர் முழுக்கக் கறுப்புத் துணி, மூலையில் ஓர் ஊதா விளக்கு, எதிரே ஆளுயரக் கண்ணாடி.

நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே நாளில் வங்காளிகளுக்கு பூத் சதுர்தசி, பேய்களின் நாள். அன்றைக்கு இறந்துபோன முன்னோர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று வாசலில் பதினான்கு விளக்கு ஏற்றி வைப்பார்கள். அதனால் தமிழ்க் குடும்பமான மதுவந்தி வீட்டில் காலையில் பட்டாசு என்றால், மாலையில் பேய். இரண்டையும் அவள் விட்டுவைத்ததில்லை.

மதுவந்தி ஐந்தாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்புத் தம்பி சிபியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"அக்கா, உள்ள நிஜமாவே பேய் இருக்குமா?"

"துணிதான்டா இருக்கும். வா."

உள்ளே சில்லென்று இருந்தது. அந்த விளக்கு வெளிச்சம் தரவில்லை. இருட்டுக்கே ஊதா நிறம் பூசியது போலிருந்தது. மதுவந்தியின் முகம் தெரியவில்லை, அவளுடைய பாவாடையிலிருந்த வெள்ளைப் பூக்கள் மட்டும் தனியாக அந்தரத்தில் நடந்தன. சிபி சிரித்தான். அவன் பல்வரிசை மட்டும் நீலமும் வெள்ளையுமாக மிதந்தது.

கண்ணாடியைப் பார்த்ததும் சட்டென்று அவன் சிரிப்பு நின்றது. "அக்கா, என் கழுத்துல யாரு கை வச்சது?"

கண்ணாடியில் பார்த்தாள். சிபியின் புதுச்சட்டைக் காலரில் ஒரு விரல் அடையாளம். பச்சையாக, அணையாத நெருப்பு மாதிரி எரிந்தது.

மதுவந்தி, தம்பி பயந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். அவள் பற்களும் பளீரென்று தெரிந்தன. ஆனால் முன்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை இருந்தது.

நாக்கால் தடவினாள். பல் இருந்தது. கண்ணாடியில் இல்லை.

சிபி தன் கையை அவள் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டான்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டுத் துத்துலிடம் சொன்னார்கள். துத்துலுக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் கையில் தயாராக இருக்கும். சரியா தப்பா என்பதெல்லாம் வேறு விஷயம்.

"உன் முன்பல் போன வருஷம் ஊஞ்சல்லேருந்து விழுந்து உடைஞ்சது. டாக்டர் அடைச்சு ஒட்டினாங்க, இல்லையா?" என்றாள் வங்க மொழியில். "இன்னிக்கு வர்றவங்களுக்கு நிஜமான பல் வேண்டாம். டாக்டர் அடைச்ச பல்லைத்தான் எடுத்துப்பாங்க. அடுத்து யாருன்னு விரலால தொட்டு அடையாளம் வச்சிட்டுப் போவாங்க."

சிபி காலரை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

அவனுக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். பாலிகஞ்சில் இருக்கும் பல் டாக்டர் பாகீரதி, "பண்டிகை முடிஞ்ச கையோட கூட்டிட்டு வாங்க. அடைச்சா போதும். தள்ளிப்போட்டா வேர் வரைக்கும் போயிடும், அப்புறம் பிடுங்கத்தான் வேணும்" என்று சொல்லியிருந்தார்.

அன்று இரவு சிபி முறுக்கைத் தொடவில்லை. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தான். வலித்தாலும் வாயைத் திறக்க மறுத்தான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போனா சரியாயிடும்டா கண்ணு" என்றாள் அம்மா.

"நான் வரமாட்டேன். அடைச்சா அந்தப் பல் அவங்களோடது ஆயிடும்."

"யாரோடது?"

சிபி அக்காவின் வாயைப் பார்த்தான். பிறகு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டான். மதுவந்திக்கு அழுகை வந்துவிட்டது. இதுவரை பயம் வந்தால் அவன் ஒளிந்துகொள்வது அவள் பின்னால்தான்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முன்பல்லை நகத்தால் தட்டிப் பார்த்தாள். டிக் டிக் என்றது. விளக்கை அணைத்துவிட்டுத் தட்டினாள். இருட்டிலும் டிக் டிக் என்றது. ஆனால் யாரோ பதிலுக்குத் தட்டுவது போலத் தோன்றியதால் அவசரமாக விளக்கைப் போட்டாள்.

அழுக்குக் கூடையில் சிபியின் புதுச்சட்டை கிடந்தது. பயந்துகொண்டே எடுத்துக் காலரைப் பார்த்தாள். அந்த விரல் அடையாளம் அங்கேயே இருந்தது. ஆனால் பச்சையாக இல்லை, மஞ்சளாக இருந்தது. மோந்து பார்த்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் புதுச்சட்டையை உடுத்தக் கொடுக்கும்போது அம்மா காலரில் மஞ்சள் தடவினாளே, அந்த மஞ்சள்தான். வருஷா வருஷம் எல்லாருடைய புதுத்துணியிலும் தடவுவதுதான். ஊதா விளக்கு அதைப் பச்சையாக்கிக் காட்டியிருக்கிறது.

அப்படியானால் பல்லும் விளக்கு செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சிபியிடம் சொன்னால் நம்புவானா? சொல்லிப் பார்த்தாள். சட்டையை நம்பினான், பல்லை நம்பவில்லை.

மறுநாள் காலையில் கீழ்வீட்டுக்கு ஓடினாள். பேய் அறைக்கு விளக்கு கொடுத்தது அங்கிருந்த சுப்ரியா மாஷிதான். மாஷி என்றால் வங்காளிகளுக்குச் சித்தி மாதிரி.

"மாஷி, சின்னதா ஊதா டார்ச் இருக்கா?"

"இருக்கு. யார் கண்ணுலயும் அடிக்காதே" என்று கொடுத்தாள் மாஷி.

டாக்டர் பாகீரதியின் கிளினிக் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. அலமாரி முழுக்க பிளாஸ்டரில் செய்த தாடைகள், உடம்பே இல்லாமல் இளித்துக்கொண்டிருந்தன. சிபி உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு நாற்காலியில் ஏற மறுத்தான்.

"டாக்டர் ஆன்ட்டி, அடைக்கிறதுல எத்தனை விதம் இருக்கு?" என்று கேட்டாள் மதுவந்தி.

டாக்டர் ஒரு டப்பாவைத் திறந்தார். மாதிரி காட்டுவதற்காக அடைத்து வைத்த நிஜப் பற்கள் அதில் இருந்தன. "இது வெள்ளி நிறத்துல இருக்கிற உலோகம். இப்போ குழந்தைங்களுக்குப் போடறதில்ல. இது பல் நிறத்துல ஒட்டறது, உன் முன்பல்லுக்குப் போட்டது. இது சிமெண்ட் மாதிரி குழைச்சு வைக்கிறது."

"ஒட்டறதே போடுங்க டாக்டர். பார்க்க அழகா இருக்கும்" என்றாள் அம்மா.

மதுவந்தி திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து டார்ச்சை அடித்தாள். டப்பாவுக்குள் பற்கள் நீலமாக விழித்துக்கொண்டன. உலோகமும் சிமெண்டும் கறுத்துப்போயின. ஒட்டிய பற்களில் ஒன்று மின்னியது, இன்னொன்று இருண்டது.

"அட, இதை நானே இப்படிப் பார்த்ததில்ல" என்றார் டாக்டர். "ஒரே மாதிரி வெள்ளையா இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கலவை வேற. சிலது இந்த வெளிச்சத்துல மின்னும், சிலது மின்னாது. பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"மின்னறதைப் போடுங்க" என்றான் சிபி, உதட்டைப் பிரிக்காமலே.

"போடலாம். ஆனா அது ஒட்டணும்னா பல் காய்ஞ்சே இருக்கணும். ரொம்ப நேரம் வாயைத் திறந்துட்டு ஆடாம இருக்கணும். எச்சில் பட்டா கழண்டு வந்துடும். உன்னோடது பால் பல், மூணு நாலு வருஷத்துல தானாவே விழுந்துடும். அதுவரைக்கும் சிமெண்ட் போதும். சீக்கிரம் முடியும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும்."

"அது கறுப்பா ஆகுது. பல் காணாமப் போயிடும்."

மதுவந்தி அவன் முன்னால் மண்டியிட்டாள். டார்ச்சை அவன் கையில் கொடுத்தாள். வாயை அகலத் திறந்தாள்.

இருட்டில் ஒரு நீலப் பல்வரிசை, நடுவில் கறுப்பு ஓட்டை. அம்மாவே ஒரு அடி பின்னால் போனாள்.

"வியலை விட்டுப் பாவு" என்றாள் மதுவந்தி, வாயை மூடாமல்.

சிபியின் விரல் மெல்ல வந்தது. வழியில் நின்றது. மறுபடியும் வந்தது. ஓட்டைக்குள் நுழையப் போன விரல் எதிலோ முட்டிக்கொண்டது.

அவன் இன்னொரு தரம் தொட்டான். பிறகு ஓட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"இருக்கு" என்றான் ரகசியமாக. "அக்கா, கெட்டியா இருக்கு."

"ஆட்டாதடா, வலிக்குது."

சிபி தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். "எனக்கு சிமெண்டே போடுங்க. அக்காவோடது மாதிரி கறுப்பா தெரியட்டும்."

சொன்னபடியே சீக்கிரம் முடிந்தது. நடுவில் இரண்டு முறை கால் உதறினான், ஒரு முறை அழுதான். சிமெண்ட் அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு எதையும் சாப்பிடக் கூடாது என்றதற்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நல்ல பையன்" என்று டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிபி உடனே எட்டி விளக்கை அணைத்து, டார்ச்சை அவர் வாய்ப்பக்கம் திருப்பினான்.

மேலே ஓட்டை. கீழே ஓட்டை. கடைவாயில் வரிசையாக ஓட்டைகள். டாக்டர் பாகீரதி அவசரமாக வாயை மூடிக்கொண்டார்.

சிபி டார்ச்சை அணைத்தான். அவர் கையை மெதுவாகத் தட்டிக் கொடுத்தான்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. எல்லாம் உள்ளேதான் இருக்கும். வேணும்னா நான் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."