பதிவில் இல்லாத மூச்சு

மாமியார் தன் மருமகளோடு நேருக்கு நேர் பேசிப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாத்திரத்தோடு பேசினாள், தண்ணீர்க் குழாயோடு பேசினாள், ஆளில்லாத நாற்காலியோடுகூடப் பேசினாள். எதிர்த்துப் பேசாத ஆட்களாகப் பார்த்துத்தான் பொறுக்கி வைத்திருந்தாள்.

அன்று காலை டீ வடிகட்டியின் முறை.

"கேட்டியா கதைய... ஊர்ல எவன் விழுந்தாலும் வண்டி அனுப்புவாங்களாம்! சொந்த மாமனாரு விழுந்தா மட்டும் 'முகவரி சொல்லுங்க'ன்னு கேப்பாங்களாம்! ஒம்பது வருஷமா குடியிருக்கிற வீட்டுக்கு முகவரி கேட்ட மகராசிய எங்கயாவது பாத்திருக்கியா நீ?"

வடிகட்டி பார்த்ததில்லை போலும், பேசாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகளுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். வேலைக்குப் போடும் நீலச் சட்டையை மேசைமேல் விரித்து, காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலையே அப்படிப்பட்டது. ஆபத்து என்று யார் போன் செய்தாலும் முதலில் எடுப்பவள் அவள். எதிர்முனையில் அழுவார்கள், அலறுவார்கள், திட்டவும் திட்டுவார்கள். அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, வண்டி போய்ச் சேரும்வரை அவர்களைக் கூடவே நடத்திக்கொண்டு போக வேண்டும். எட்டு வருடமாக அதைச் செய்கிறவளுக்கு இந்த வசவெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டுதான். ஒவ்வொரு நாளும் வலித்தது.

அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவார். அம்மாவின் முன்னால் மட்டும் கடைசி பெஞ்சு. அந்த வாத்தியார் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க இது?"

"ராஜினாமா லெட்டர்... நானே எழுதிட்டேன். நீ கையெழுத்துப் போட்டா போதும்."

"போட்டா?"

"அம்மா பத்து மணிக்கு அங்க வரமாட்டாங்க. புகாரையும் வாபஸ் வாங்கிடுவாங்க. எல்லாம் முடிஞ்சிடும்... தயவுசெஞ்சு பிடிவாதம் பிடிக்காத!"

விஷயம் இதுதான். மாமனார் இறந்த அன்று அந்த அழைப்பை எடுத்தவள் இந்த மருமகளே. வண்டி அனுப்பாமல் கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்திவிட்டாள் என்று மாமியார் அவசர உதவி மையத்துக்குப் புகார் அனுப்பியிருந்தாள். மையத்தில் எல்லா அழைப்பும் பதிவாகும். இறந்தவரின் குடும்பம் கேட்டால் அந்தப் பதிவைப் போட்டுக்காட்ட வேண்டும் என்பது விதி. இன்று பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தப்பு என்று தெரிந்தால் வேலை போகும். தெரியாவிட்டாலும், வேலையா வீடா என்று இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்று மாமியார் கெடு வைத்திருந்தாள். புகாரை ஆபீஸில் காட்டியபோது மருமகள் வாயே திறக்கவில்லை. அந்த எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வந்த கடிதங்களெல்லாம் அதே எழுத்தில்தான் வந்தன.

"புகாரை எழுதினதும் நீங்க, ராஜினாமாவை எழுதினதும் நீங்க," என்றாள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "எனக்காக ஒரு வரி எழுதணும்னு தோணவே இல்லையாங்க உங்களுக்கு?"

"அம்மா தினம் அழறாங்க... நான் என்ன பண்ணட்டும்?"

"நானும்தான் அழறேன், சத்தம் வராம. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். தப்பே செய்யாம, தப்பு செஞ்சவ மாதிரி தலையக் குனிஞ்சிட்டு வெளிய வரமாட்டேன். அத்தை வரட்டும். வந்து காதால கேக்கட்டும்!"

"அப்புறம் இந்த வீட்ல..."

"அதையும் கேட்டுட்டு அவங்களே சொல்லட்டும்."

அடுப்படியில் ஏதோ ணங்கென்று விழுந்தது. அதாவது, மாமியாருக்குக் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

பேச்சில் இருந்த துணிச்சல் உள்ளுக்குள் இல்லை. தனக்காக அவள் பயப்படவில்லை. அந்தப் பதிவில் நாலாவது நிமிடம் என்று ஒன்று இருக்கிறது. பழகாத காதுக்கு அது பிடிபடாது என்று நம்பித்தான் இந்த முடிவுக்கே வந்திருந்தாள். நம்பிக்கை பொய்த்துப்போனால், இந்த வீட்டில் இன்னொருவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போய்விடும்.

அந்த இன்னொருவன் வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். சின்னவன், அவளுடைய கொழுந்தன். இருபத்தெட்டு வயதாகியும் மாமியாருக்கு அவன் கைக்குழந்தைதான்.

"நீயும் வர்றியா தம்பி?"

"அம்மா வரச் சொன்னாங்க அண்ணி..." அவன் நிமிரவில்லை.

"சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வராதே."

அவன் முகம் கோணிக்கொண்டது. எழுந்து போனான்.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு மதியம், மாமியார் கண் டாக்டரிடம் போயிருந்தாள், வாத்தியார் துணைக்கு. வீட்டில் மாமனாரும் சின்னவனும் மட்டும். மாமனார் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டார். சின்னவன் போன் செய்தான். மையத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அந்த அழைப்பு போய் அண்ணியின் காதில்தானா விழ வேண்டும்! அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் மகனைப் பிடித்து உலுக்கியபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணிதான் எடுத்தாங்க... முகவரி கேட்டாங்க, கேள்வி மேல கேள்வி கேட்டாங்கம்மா." சொன்னதில் பொய் இல்லை. மீதிக் கதையை மாமியார் தானாகவே கட்டிக்கொண்டாள்.

மருமகள் அங்கேயே ஒரே ஒரு தடவை விளக்கப் பார்த்தாள். "சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? என் புள்ள என்ன பண்ணான்? ஒண்ணு விடாம சொல்லு!" என்று மாமியார் மடக்கினாள். சின்னவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவன் உதடு வெளுத்திருந்ததை மருமகள் பார்த்தாள். அன்று மூடிய வாயை அவள் பிறகு திறக்கவே இல்லை.

பத்து மணிக்கு நால்வரும் போய்ச் சேர்ந்த மையத்தின் பதிவறை சின்னது. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், நெருக்கிப் போட்ட நாற்காலிகள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெரிய கூடத்தில் ஹெட்போன் மாட்டிய தலைகள் வரிசையாகத் தெரிந்தன. நரைத்த கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்த மேலதிகாரி அம்மாள் தணிந்த குரலில் சொன்னாள்:

"கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும்மா. எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லுங்க."

"நான் படாத கஷ்டமா? போடுங்க!"

ஸ்பீக்கரில் மருமகளின் குரல் வந்தது. "அவசர உதவி. முகவரி சொல்லுங்க."

"அண்ணி... அண்ணிதானே? அண்ணி, அப்பா விழுந்துட்டாரு! அசையவே மாட்டேங்கிறாரு!"

ஒரு வினாடி சத்தமே இல்லை. பிறகு அதே நிதானமான குரல்: "முகவரி சொல்லுங்க. வீட்டு நம்பர், தெரு."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அவன் 'அண்ணி'ன்னு அலறுறான், இவ யாரோ எவரோ மாதிரி முகவரி கேக்கறா! நான் சொன்னது பொய்யா?"

மேலதிகாரி அம்மாள் பதிவை நிறுத்தினாள். "உங்க பையன் வீட்ல இருந்துதான் கூப்பிடறார்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? கடைக்குப் போன இடத்துல விழுந்திருந்தா? இங்க ஒருத்தர் தன் தம்பி குரலைக் கேட்டதும் பதறிப்போய், முகவரி கேக்காம வண்டியத் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டார். தம்பி அன்னைக்கு இருந்தது தன் மாமனார் வீட்ல. பூட்டின வீட்டு முன்னாடி வண்டி போய் நின்னுச்சு... பெத்த தாய் குரலா இருந்தாலும் முகவரிய அவங்க வாயால சொல்ல வைக்கணும். இங்க சேர்ற அன்னைக்கே அதைத்தான் சொல்லிக் குடுக்கறோம்."

பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த நேரத்தைப் பாருங்க. முகவரி சொல்லி முடிச்சது இருபதாவது வினாடி. வண்டி கிளம்பினது முப்பத்தஞ்சாவது வினாடி. கேள்வி கேக்கறது ஒரு நாற்காலி, வண்டி அனுப்பறது பக்கத்து நாற்காலி. இவங்க கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் வந்த பதில், ஓடிக்கிட்டிருந்த வண்டிக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு."

வாத்தியார் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புகார் எழுதிய கை. மாமியார் மெதுவாக உட்கார்ந்தாள்.

பதிவு தொடர்ந்தது.

"தரையில படுக்க வைங்க. மார்புக்கு நடுவுல உள்ளங்கைய வைங்க. அதுக்கு மேல இன்னொரு கை. பலமா, வேகமா அமுக்கணும். என்னோட சேந்து சத்தமா எண்ணுங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." சின்னவனின் குரல் சேர்ந்துகொண்டது.

நாலாவது நிமிடம் வந்தது; சின்னவனின் எண்ணிக்கை அப்போதும் துளி தடுமாறாமல் ஓடியது. பதிவை முன்பே கேட்டிருந்த மேலதிகாரி அம்மாள் இந்த இடத்தில் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"தம்பி, கைய எடுத்துடாதீங்க. நான் கூடவே இருக்கேன். வண்டி உங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு... எண்ணுங்க..."

கதவு இடிபடும் சத்தம், காலடிகள், புதிய குரல்கள். சின்னவன் பக்கத்தில் இணைப்பு அறுந்தது. பதிவு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. மருமகளின் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. சில வினாடிகள் வெறும் இரைச்சல். அப்புறம், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறவளின் கேவல் ஒன்று...

"மாமா..."

அவ்வளவுதான். க்ளிக் என்று நின்றது.

மாமனார் போன அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சுக்காரி என்று யாரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அவள் பக்கம் மாமியார் திரும்பினாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராக வந்த முதல் வார்த்தை குழறிக்கொண்டு வந்தது.

"இது... இது நீயாம்மா?"

மருமகள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இத்தனையும் பண்ணிட்டா அன்னைக்கு வந்து நின்னே? நான் பாவி... உன்ன என்னென்ன பேசிட்டேன்!" மாமியாரின் கண் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் இருந்த சின்னவனின் கன்னத்தைத் தடவினாள். "என் கண்ணு... நீயும் எவ்வளவு பாடுபட்டிருக்கே! கடைசி வரைக்கும் விடாம எண்ணி எண்ணி அமுக்கியிருக்கியே..."

"தொடாதம்மா!"

சின்னவன் தீப்பட்டவன்போல் துள்ளி விலகினான்.

"நான் அமுக்கவே இல்லம்மா! எண்ண மட்டும்தான் செஞ்சேன்... அப்பா கண்ணு பாதி திறந்திருந்துச்சு, என்னையே பாக்கற மாதிரி... கிட்டப் போகவே முடியல. கை வரலம்மா! சுவத்தோரமா நின்னுக்கிட்டு, அண்ணி சொன்னதைச் சும்மா திருப்பிச் சொன்னேன்... நீ அண்ணியத் திட்டுறப்பல்லாம் சொல்லிடணும்னு வாயத் திறப்பேன். அப்புறம் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்..."

அவன் மருமகளின் காலடியில் சரிந்து உட்கார்ந்தான். "உங்களுக்கு இது தெரியாதுல்ல அண்ணி... நான் அமுக்குறேன்னு நம்பித்தானே கூடவே எண்ணினீங்க..."

"தெரியும்பா," என்றாள் மருமகள்.

அவன் விக்கித்துப் போனான். "எப்படி...?"

"அமுக்குறவனுக்கு முப்பது எண்ணுறதுக்குள்ள மூச்சு வாங்கும். உனக்கு நாலு நிமிஷம் ஆகியும் வாங்கல."

மாமியார் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அன்னைக்கேவா தெரியும்...? தெரிஞ்சுமா பதினொரு மாசம் என் வாயில விழுந்து எந்திரிச்சே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்..."

"சொல்லியிருந்தா, என்னைப் பேசின பேச்செல்லாம் அவனைப் பேசியிருப்பீங்க அத்தே. நான் தாங்கினேன். அவன் தாங்கியிருக்க மாட்டான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவன் முகத்தை நான் பாத்தேன்... மாமாவைப் பறிகொடுத்த வீட்ல இன்னொருத்தரையும் பறிகொடுக்க எனக்குத் தைரியம் இல்ல."

"நான் அமுக்கியிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா அண்ணி?" பதினொரு மாதமாக அவனைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அது.

பொய் சொல்லித் தேற்றலாம். அவள் சொல்லவில்லை. "தெரியாதுடா. ஒழுங்கா அமுக்கியும் போயிருக்காங்க, எட்டு வருஷத்துல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். யாருக்கும் தெரியாத ஒண்ண நீ தூக்கிச் சுமக்காதே. ஆனா பயந்ததைச் சொல்லிட்டே பாரு, அதுக்குத்தான் தைரியம் வேணும்."

மாமியார் தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். மருமகள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் தயங்கித் தயங்கி எழுந்துவந்தார். "நான் உன்கிட்ட எப்படி..."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு வீட்ல இருக்கு!" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில். பிறகு மாமியாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "அத்தே, ஒண்ணு சொல்லிடறேன். இந்த வேலைய நான் விடமாட்டேன். வீட்ல எனக்கு இடம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"இடத்தைப் பத்திப் பேசாதடி! என் வயித்தெரிச்சல எல்லாம் உன் தலையில கொட்டினேனே... நீ இருக்கற இடம்தான்டி இனிமே எனக்கு வீடு!" மாமியார் அவளை இழுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இஸ்திரி போட்ட நீலக் காலர் நனைந்து சுருங்கிப்போனது.

மருமகளின் பணி நேரம் தொடங்கிவிட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் நாற்காலி மட்டும் காலியாக இருக்க, அதன் முன்னால், அழைப்பு காத்திருப்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மாமியாரும் அதைப் பார்த்தாள். அணைத்திருந்த கையைத் தானே விடுவித்தாள்; தன் முந்தானையால் மருமகளின் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"போம்மா. எவ பெத்த புள்ளையோ அங்க கையும் காலும் உதறிக்கிட்டு நிக்குது... நீ போய் எடு." பிறகு குனிந்து, தரையில் கிடந்த மகனின் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "இவன இனிமே நான் பாத்துக்கறேன்."

மருமகள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.