காயாத இளஞ்சிவப்பு

மூன்று நாளாகியும் சுவர் காயவில்லை. துவைத்துப் போட்ட துணி அரை மணியில் மொறமொறவென்று ஆகிவிடும் உருகுவாய் மேய்ச்சல் நாட்டு ஜனவரிக் கோடை வெயிலில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்த அந்த அறையில், பூசிய சுண்ணாம்பு மட்டும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தெல்மிரா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சூரியன் வடக்கே சாயும் அந்த நாட்டில் வெயில் படாத தெற்குச் சுவர் அது.

பிறக்கப்போகும் குழந்தைக்கான அறை. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக ஏழு மாதத்தைத் தாண்டி நின்ற வயிறு அவளுக்கு. கடையில் விற்கும் மிட்டாய் நிறம் வேண்டாம், பழைய பண்ணை வீடுகளின் மங்கிய, இதமான இளஞ்சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் அவளேதான். சுண்ணாம்பில் மாட்டு ரத்தம் கலந்தால் வரும் நிறம். கணவன் ஆதெமார் பண்ணையில் மாடு அறுத்த அன்று ஒரு வாளி கொண்டுவந்து, கலக்கி, அவனே பூசினான். நிறத்தைக் குறை சொல்ல முடியாது, அத்தனை அழகு.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஊரே உறங்கும் நேரம். சுண்ணாம்பு நெடி போய், அப்போதுதான் பிறந்த கன்றின் மேல் அடிக்கும் கவிச்சி அறை முழுக்கச் சூழ்ந்திருந்தது. சுவரில் காதை வைத்தாள். உள்ளே தூரத்தில் ஏதோ சீராக இடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தாள்.

"ஆதெமார், அது எந்த மாடு?"

மாத்தே இலைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "மாடுன்னா மாடுதான், குண்டம்மா. அதுக்குப் பேரு ஊரெல்லாம் கேட்டா எப்படி?"

"சினை மாடா?"

உறிஞ்சும் சத்தம் நின்றது.

"அறுத்தப்புறந்தான் தெரிஞ்சுது. கன்னு உள்ள இருந்துச்சு. ரத்தம் ரத்தந்தானேன்னு கலந்துட்டேன்."

சினை மாட்டு ரத்தம் சுவருக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது.

"சுரண்டிடு. இப்பவே."

இருவரும் அறைக்கு வந்ததும் அவன் கொத்துக்கரண்டியால் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தான். தெல்மிராவின் அடிவயிற்றை யாரோ கீறியது போலிருந்தது. தொடை வழியே ஈரம் இறங்கியது.

"நிறுத்து. நிறுத்துடா."

கரண்டி கீழே விழுந்தது. "வண்டி எடுக்கறேன். டாக்டர்கிட்ட போயிரலாம்," என்று அவளைத் தூக்கினான். அறைவாசலைத் தாண்டியதும் உள்ளிருந்து கயிறு கட்டி இழுப்பது போல வயிறு இழுத்தது. இன்னும் ஓர் எட்டு வைத்தான். அவள் அலறினாள். வேறு வழியில்லாமல் உள்ளேயே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தான்.

வலி நின்றது. உடனே நின்றது.

அசைவும் நின்றது.

காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை. ஆதெமார் மண்டியிட்டு வயிற்றில் காது வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். உள்ளே துடிப்பு கேட்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

முதுகில் ஒரு உதை.

மெல்லத் திரும்பினாள். இளஞ்சிவப்பு புடைத்திருந்தது. ஒரு சின்னக் குதிகால், உள்ளிருந்து சுவரைத் தள்ளியபடி நகர்ந்தது. தெல்மிரா அதன்மேல் கை வைத்தாள். அது உதைத்தது. பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, ஒரு குளம்பும் உதைத்தது.