யேசுதாஸ் தாத்தாவின் இடுப்பில் என்ன?

சாண்ட்ராவுக்கு டேங்க் என்றால் உயிர். மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் இல்லை, போருக்குப் போகுமே, அந்த டேங்க். பழைய போர்ப் படங்களைப் பார்த்தால் போதும், எந்த வண்டி, சிப்பாயின் இடுப்பில் எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆள் கிடையாது.

அவர்கள் மாத்தூரிலிருந்து ராயபுரத்துக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அம்மாவுக்குத் துணிக்கடையில். புதிய பள்ளியில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. சாண்ட்ரா தனியாகவே சாப்பிட்டாள்.

ஒரு நாள் மதியம், காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் நெல்சன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்க கொள்ளுத்தாத்தா யேசுதாஸ். பர்மா சண்டைக்குப் போனவரு," என்று ஒரு பழைய புகைப்படத்தை நீட்டினான். "பள்ளிக்கூடக் கண்காட்சில வைக்கப் போறேன். இடுப்புல கீதே, அது இன்னா துப்பாக்கி? உன் நோட்டு பூரா டேங்கா வரஞ்சி வச்சிகீறியே, நீ பேரு சொல்லேன்."

ஒரு டேங்க் பக்கத்தில் தாத்தா சிரித்துக்கொண்டு நின்றார். சாண்ட்ரா இடுப்பைப் பார்த்தாள். இடுப்புத் துப்பாக்கி என்றால் அந்தக் காலத்தில் அதன் பிடியில் கயிறு கட்டித் தோளில் மாட்டியிருப்பார்கள். இங்கே கயிறு இல்லை. உறைக்கு வெளியே இரண்டு பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் நெல்சன் நாளைக்கும் வந்து உட்காருவான். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கண்காட்சியில் யாராவது கண்டுபிடித்து அவனைக் கேலி செய்தால்?

"இது துப்பாக்கி இல்ல நெல்சன். கொறடு," என்றாள் மெதுவாக.

"கொறடா? எங்க தாத்தா இன்னா சைக்கிள் கடையா வச்சினு இருந்தாரு? இந்தா, நீயே வச்சிக்க." படத்தை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் வீட்டில் யாருமில்லை. சாண்ட்ரா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தாள். குறடோடு தாத்தா அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?

தாத்தாவின் டேங்கில் பீரங்கியே இல்லை. பின்னாலிருந்து ஒரு தடித்த இரும்பு வடம் போனது. வடத்தின் மறுமுனையில் இன்னொரு டேங்க், பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. அதன்மேல் சில சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். வடத்தை மாட்டியிருந்த வளைந்த இரும்பு மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

உடனே காசிமேட்டுக்குப் போனாள். நெல்சன் கரையில் ஒரு படகின்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது இன்னா இரும்புன்னு எனக்குத் தெரியல. நீ பாரேன்," என்றாள்.

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினான். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"ஷாக்கிள் இது. எங்கப்பாகிட்டயே கீது. நடுக்கடல்ல ஒரு போட்டு நின்னுட்டா இத்த மாட்டித்தான் இன்னொரு போட்டு இழுத்துகினு வரும். ஆணி இறுகிக்கிச்சின்னா கொறடு இல்லாம கழட்டவே முடியாது."

சேற்று டேங்கின்மேல் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அப்ப இவங்கள இழுத்துகினு வந்தது எங்க தாத்தாவா?"

"ஆமா. அவரு வண்டியில பீரங்கியே இல்ல பாரு. மாட்டிக்கினவங்கள இழுக்கறதுக்குன்னே இருக்கற வண்டி அது."

கண்காட்சியன்று படத்தின் முன்னால் நல்ல கூட்டம்.

"உங்க தாத்தா எத்தினி பேரைச் சுட்டாரு?" என்று பெரிய வகுப்பு மேத்யூ கேட்டான்.

"ஒருத்தரையும் சுடல. சேத்துல மாட்டினவங்கள வெளிய கொண்டாந்தாரு," என்றான் நெல்சன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"உனக்கு யாரு சொன்னது?"

"இதோ, இவதான். சாண்ட்ரா. என் தோஸ்து."

அதற்குப் பிறகு மேத்யூ வேறு என்னவோ கேட்டான். அது என்ன கேள்வி என்று சாண்ட்ராவுக்கு இன்றுவரை தெரியாது.