பாத்திரத்தின் அடியில் இரண்டு கைகள்

மாலை நாலரைக்குப் பூஜை அலமாரியில் தண்ணீர் மாற்றப் போன ராதா, வெண்கலப் பாத்திரத்தின் உள்ளே அடியில் வார்த்திருந்த சீன எழுத்தில் பாதியைக் காணாமல் நின்றாள். நேற்றுவரை மேலே ஓர் உருவமும் கீழே அதைத் தாங்கும் இரண்டு கைகளும் இருந்தன. இப்போது கைகள் மட்டும்தான். உருவம் இருந்த இடத்தைத் தடவினாள். வழுவழுவென்று, லேசாகச் சூடாக இருந்தது.

போன மாதம் இவர்கள் குடியிருக்கும் நார்த்மீட்டில் கவுன்சில் குப்பை வண்டி அள்ளிப்போக வாசல்களில் குவித்திருந்த பழைய சாமான்களுக்குள் அது கிடந்தது. தெருவில் கிடந்ததைச் சாமிக்கு வைக்காதே என்று கணவன் பாஸ்கர் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அவளா கேட்பாள்? வெண்கலம் வெண்கலம்தானே என்று புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள்.

எட்டு வயது வர்ஷாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். வைரஸ்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்கர் வேலையாக மெல்பேர்னில். நேற்று பிள்ளை கண் செருகிப் பிதற்ற ஆரம்பித்ததும் ராதா அந்தப் பாத்திரத்தின் முன் விழுந்து கதறினாள். "எம் பிள்ளைக்குக் காய்ச்சலை எறக்கிடு. என்ன கேட்டாலும் தர்றேன்." ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது.

கைபேசி அடித்தது. கூட வேலை பார்க்கும் புஷ்பவல்லி. ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்தவள். எழுத்தைப் படமெடுத்து அவளுக்குத்தான் ராதா முன்பே அனுப்பியிருந்தாள்.

"பழைய வாத்தியார்கிட்ட கேட்டேன் லா. மூவாயிரம் வருசத்து எழுத்தாம். பூசைப் பாத்திரம்னு அர்த்தம்."

"மேல இருந்தது என்ன, புஷ்பா?"

"சிலர் கோழின்றாங்க, சிலர் ஆளுன்றாங்க. கையைப் பின்னால கட்டியிருக்கு. பக்கத்துல புள்ளி புள்ளியா இருக்கே, அது ரத்தம். கீழ இருக்கிற கை ரெண்டும் தூக்கிப் படைக்குது."

ராதா பாத்திரத்துக்குள் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"நோய் இருந்தா படைக்க மாட்டாங்களாம். சுகமாக்கித்தான்... ராதா? இருக்கியா?"

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள். நாலடி வைப்பதற்குள் அது அம்மிக்கல்லாகக் கனத்துக் கைநழுவித் தரையில் உட்கார்ந்தது. உள்ளிருந்து ஈர இரும்பின் வாடை வந்தது. ஹீட்டரின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில் வெண்கலத்தைக் கீறும் சத்தம், மெதுவாக, நிதானமாக.

"என்னை எடுத்துக்கோ!" முட்டிபோட்டு அழுதாள். "சொன்னவ நான்தானே! என்னை எடுத்துக்கோ!"

கீறல் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கைகளுக்கு மேலே ஒரு கோடு. ஒரு தலை. சின்னத் தோள்கள்.

"அம்மா." உள்ளறையில் வர்ஷா. "என் கை பின்னாடி போயிடுச்சு. எடுக்க வரல."

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

கயிறு இல்லை. யாரும் இல்லை. கட்டிலுக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றில், கைகள் முதுகுக்குப் பின்னால் இறுகியிருக்க வர்ஷா மல்லாந்து கிடந்தாள். தோளிலும் இடுப்பிலும் அவள் சட்டை அடியிலிருந்து பத்து இடங்களில், பெரிய பெரிய விரல்கள் அழுந்தினாற்போல் குழிந்திருந்தது. அவள் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தாள்.