டிராயருக்குள் இருந்த ஹெட்போன்

அந்த வரியைச் சாட்சி சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. லாரி மோதிச் சுவர் இடிந்த வழக்கு அது. டிரைவர் பிரேக் பிடிக்காததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில், "நான் பக்கத்துலயே இருக்கட்டுமா?" என்று யார் யாரைக் கேட்டிருப்பார்கள்? ஆனால் அதைத் தட்டச்சு செய்தது அவன்தான். காதில் விழுவதைக் கை தானாக அடித்துக்கொண்டு போகும். பன்னிரண்டு வருடப் பழக்கம். மூளைக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

அழிக்கப் போனவன், வேறு எங்காவது இருக்கிறதா என்று எதற்கும் தேடிப் பார்த்தான். அதே வரி பதினான்கு இடங்களில் இருந்தது.

விசாரணைப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவன் வேலை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து, எட்டு மாதமாக, அதை வீட்டிலிருந்தே செய்துவந்தான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஒலிகள். விசாரணை ஹெட்போனுக்குப் போகும். பக்கத்து அறையில் அவள் தலைமாட்டில் வைத்த மைக்கின் ஒலி, மேசை மேலிருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு வரும். ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும், இரண்டும் கேட்கும். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தது மச்சினி. "ஒரு காது கோர்ட்டுக்கு, ஒரு காது அக்காவுக்கு. அவ நல்லா இருந்தப்போ இந்த ஒரு காதையாவது குடுத்தீங்களா மாமா?" என்றாள். மனைவி பாதி முகத்தால் சிரித்தாள்.

அவளுக்கு இடது கை மட்டும்தான் அசையும். மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வேண்டாம். இரண்டு என்றால் ஆமாம். மூன்று என்றால் உடனே வா.

எட்டு மாதத்தில் அவனுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. ஊட்டினான், துடைத்தான், புரட்டிப் படுக்க வைத்தான். துக்கமும் இல்லை, சலிப்பும் இல்லை. இடது காதில் மூச்சு வந்துகொண்டிருந்தால் சரி. எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போதும் வந்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கும்போது சீராக, வெளியே விடும்போது தொண்டையில் லேசான கரகரப்போடு, பிற்பகல் வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, மருந்து வாசனை கலந்த அந்தப் புழுக்கத்தில், மூச்சு போய்ப் போய் வந்தது. அவன் விசாரணையை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தான். சில நிமிடம் கழித்து ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி நின்று பேசுவதுபோல, அவனுடைய குரலே கேட்டது.

"நான் பக்கத்துலயே இருக்கட்டுமா?"

பிறகு ஒரே ஒரு தட்டு. மறுபடியும் மூச்சு.

அவன் வாயே திறக்கவில்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

பயம் வரவில்லை. ஏதோ கணக்கு உதைக்கிறது என்று மட்டும் தோன்றியது. அப்போது போன் அடித்தது.

"மாமா, காலையில அனுப்பின மூச்சுப் பதிவை டாக்டர்கிட்ட குடுத்துட்டேன்," என்றாள் மச்சினி. "அக்கா என்ன பண்றா?"

"தூங்குறா."

"ஆமா, மூச்சு இங்க வரைக்கும் கேக்குது. சரி, நீங்க வேலையப் பாருங்க."

போனைக் கீழே வைத்தான். பதிவு.

டாக்டர் பத்து நிமிட மூச்சுச் சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நேற்று மாலை எடுத்தது. அறையைவிட்டு வரும்போது அவன் கேட்ட கேள்வியும் அதில் பதிவாகியிருந்தது. வேண்டாம், போய் வேலையைப் பார் என்று அவள் ஒரு தட்டு தட்டினாள். இன்று காலை அனுப்புவதற்கு முன் அதை ஸ்பீக்கரில் போட்டுச் சரிபார்த்தான். இரண்டு மூச்சும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்று, மைக்கின் ஒலியைத் தற்காலிகமாகப் பழைய வயரில்லா ஹெட்போனுக்கு மாற்றி, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிறகு கழற்றினான். டிராயரில் போட்டான்.

திரும்ப மாற்றினானா?

எந்த ஒலி எங்கே போகிறது என்று காட்டும் பட்டியலைத் திரையில் திறந்தான். மூன்று வரிகள். விசாரணை, நின்றிருந்தது. நேற்றைய பதிவு, ஸ்பீக்கருக்கு. முடிய முடிய மறுபடி ஓடும்படி குறி போட்டிருந்தது. மைக், பழைய ஹெட்போனுக்கு.

பத்து நிமிடப் பதிவு. பதினான்கு முறை. இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

மைக்கின் வரியில் பச்சைக் கோடு துள்ளியது. மூன்று துள்ளல். சற்று நின்றது. மறுபடி மூன்று.

டிராயரை இழுத்தான். பேனாக்களுக்கும் பழைய சார்ஜருக்கும் நடுவே கிடந்த ஹெட்போனிலிருந்து, பூச்சி ஊர்வதுபோல மெல்லிய சத்தம்.

டக். டக். டக்.

கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். கதவு. கட்டில். சுழலும் மின்விசிறி. அவள் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டான்.

ஆறிப்போயிருந்தது.

நெஞ்சில் கை வைத்தான். ஒன்றுமில்லை. மூக்கருகே விரல். ஒன்றுமில்லை. இடது கை கம்பியின் மேல் கிடந்தது. மோதிரத்துக்குக் கீழே கம்பியில் பெயின்ட் உதிர்ந்து, உள்ளே இரும்பு பளபளத்தது. நேற்று அது அப்படி இல்லை. தட்டியிருக்கிறாள். எவ்வளவு நேரம் தட்டியிருக்கிறாள். அவனுக்கு அழுகை வரவில்லை, வரவில்லை என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

டக். டக். டக்.

கையிலிருந்த ஹெட்போன்.

அவன் அவளுடைய விரல்களைப் பார்த்தான். அசையவில்லை. மறுபடி மூன்று. விரல்கள் அசையவில்லை. அவற்றின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். சில்லென்று இருந்தது.

"வந்துட்டேன்," என்றான். "வந்துட்டேன்மா."

தட்டல் நின்றது.

பக்கத்து அறையில் ஸ்பீக்கர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே. வெளியே. அதே கரகரப்பு. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"நான் பக்கத்துலயே இருக்கட்டுமா?"

ஸ்பீக்கரில் நேற்றைய பதில் வந்தது. ஒரு தட்டு.

அவன் உள்ளங்கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஹெட்போனில், மிக அருகில், நிதானமாக இரண்டு தட்டு கேட்டது.