ஒன்பது குரல்களுக்கு ஒரு சிவப்பு விளக்கு

இதெல்லாம் நடந்து வெகு நாளாயிற்று. திருகாணி இப்போது பெரிய ஆள். ஆனாலும் மொட்டை மாடி என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்கு அந்த நான்கு மாடிக் கட்டடமும் அந்த ஒரு சாயங்காலமும் அப்படியே நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் ரேடியோவில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டு அழைப்பு மணி வரை கழற்றிவிடுவாள். அதனால்தான் திருகாணி என்று பெயர். கழற்றியதைத் திரும்ப மாட்டியும் விடுவாள் என்பதால் அடி விழாமல் தப்பித்தாள்.

மூன்றாம் மாடியில் அவளுடைய உயிர்த்தோழி இருந்தாள். எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி. அவள் பெயர் சுருட்டை என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த விடுமுறை முழுக்க இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பா. ஒரு வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் நகத்தளவு கண்ணாடித் துண்டை ஒட்டினார்கள். அந்தக் கண்ணாடியில் படும்படி ஒரு சின்னச் சிவப்பு லேசர் விளக்கு. டப்பாவின் மறுபக்கம் வாயை வைத்துப் பேசினால் பலூன் அதிரும், கண்ணாடி ஆடும், எதிர்ச் சுவரில் சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து படம் போடும். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு படம்.

லேசருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க, டப்பாவைத் தாங்கும் மூடி போட்ட பெட்டிக்குள் டிரைவர் என்று ஒரு குட்டிப் பலகை வேண்டும். அதை மட்டும், ரேடியோ பழுது பார்க்கும் திருகாணியின் அம்மா பற்றவைத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் இவர்களின் கைவேலைதான்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. சுருட்டையின் அப்பாவுக்கு வேலை மாற்றல். மறுநாள் காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது.

"எல்லாரோட குரலையும் படமா வரைஞ்சு எடுத்துட்டுப் போறேன்டி" என்றாள் சுருட்டை. கட்டடத்தில் அவள் வீட்டைத் தவிர ஒன்பது வீடுகள். வீட்டுக்கு ஒருவர் என்று ஒன்பது பேர் ஏழு மணிக்கு மொட்டை மாடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஐந்து மணிக்குத் திருகாணி பெட்டியைச் சோதித்துப் பார்த்தாள். மூன்றே நிமிடம். விளக்கு மங்கி மங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. அணைத்துக் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மூன்று நிமிடம்.

இன்றைக்கு விட்டால் வேறு நாள் கிடையாது.

பேட்டரியை மாற்றினாள். பயனில்லை. லென்ஸைத் துடைத்தாள். அதற்கும் மசியவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் உறுதியாக இருந்தன.

'போன வாரம் அரை மணி நேரம் எரிஞ்சுதே. அப்புறம் என்ன மாறுச்சு?' என்று யோசித்தபடி பெட்டியின் மேல் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். அப்படிக் கொதித்தது.

மூடியைத் திறந்தாள். உள்ளே டிரைவரைச் சுற்றி ஒரு கம்பளிக் காலுறை திணிக்கப்பட்டிருந்தது. நீல நிறம். அது யாருடையது என்று தெரியாதா என்ன?

"பொடியா, இங்க வா."

ஆறு வயதுத் தம்பி வந்து கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் காலுறை இதுக்குள்ள எப்படிடா போச்சு?"

"ஆட்டினா உள்ள கடகடன்னு சத்தம் கேட்டுச்சுக்கா. லாரியில போறப்ப அடிபடும்ல, அதான் வெச்சேன்."

"பெட்டி லாரியில போகுதுன்னு யார் சொன்னா?"

"சுருட்டை அக்காதானே போறாங்க. அங்க அவங்களுக்கு யாரையும் தெரியாதே."

பெட்டி தன்னிடம்தான் இருக்கும் என்று திருகாணி யாரையும் கேட்காமலே முடிவு செய்திருந்தாள். காலுறையை உருவி எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சரி, அவளே கொண்டு போகட்டும். ஆனா முதல்ல இது எரியணும். டிரைவர்ல இருக்கிற இந்தச் சில்லு ரொம்பச் சூடானா, கருகிப் போகாம இருக்கறதுக்காக மின்சாரத்தைக் குறைச்சுக்கும். நீ அதுக்குக் கம்பளி போர்த்தி விட்டிருக்க."

பொடியனின் உதடு பிதுங்கியது. "அம்மாகிட்ட சொல்லுவியா?"

"எதுக்கு? ஒரு கை பிடி, வா."

காலுறையை எடுத்த பிறகு விளக்கு ஏழு நிமிடம் எரிந்தது. அது போதாது. காலுறையைத் திணித்தபோது சில்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, சூட்டை இழுத்துக்கொள்ளும் தகடு கழன்று போயிருந்தது. திருகாணி தன் அலுமினிய மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டாள். அம்மாவின் மேசையிலிருந்து சூடு கடத்தும் வெள்ளைப் பசையை எடுத்துச் சில்லின் முதுகில் பூசி, மூடியோடு சேர்த்துத் திருகினாள். பெட்டியின் பக்கவாட்டிலும் நாலு ஓட்டைகள் போட்டாள். பொடியன் நோட்டுப் புத்தகத்தால் விசிறினான்.

விளக்கு அசையாமல் எரிந்தது. மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருவரும் படியேறி ஓடினார்கள்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சுருட்டை வெள்ளைத் தாள்களை ஒட்டியிருந்தாள். மற்றவர்கள் பெட்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஓரமா நின்னு கைய மட்டும் நீட்டி வரை" என்றாள் திருகாணி. "நான் அணைக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. லேசர் கண்ணுல பட்டா ஆபத்து."

"ஏன் லேட்டு? என்ன ஆச்சு?" என்று கேட்டாள் சுருட்டை.

"டிரைவர் சூடாயிடுச்சு. இப்ப சரியாயிடுச்சு." பொடியன் நிம்மதியாக மூச்சு விட்டு, விசிறலைத் தொடர்ந்தான்.

காவல்காரர் தொண்டையைச் செருமியதே ஒரு பெரிய படமாகிவிட்டது. "இது வேணாம்மா, நான் வேற பேசறேன்" என்றார். "இதுதான் வேணும்" என்று சுருட்டை வரைந்துகொண்டாள். தையல்கார அத்தை ஒரு வார்த்தை பேச வந்து ஒரு வாரத்துக் கதையைப் பேசினார். படம் நூல்கண்டு சிக்கியது போல வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

எட்டுப் பேர் பேசியாயிற்று. கடைசியாகத் திருகாணி டப்பாவில் வாயை வைத்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒரு வரியும் வரவில்லை.

"அங்க யாராவது உன் முடியைக் கிண்டல் பண்ணினா எனக்கு லெட்டர் போடுடி. நான் வரேன்" என்றாள்.

சிவப்புக் கோடு துள்ளி, நடுங்கி, ஒரு புள்ளியாக அடங்கியது. சுருட்டை வரைந்து முடித்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

"அணைச்சிட்டியா?" என்றாள்.

அணைத்தால் அவள் திரும்புவாள். திரும்பினால் போய் வருகிறேன் என்பாள். திருகாணியின் விரல் சுவிட்சின் பக்கமே போகவில்லை.

"இன்னும் இல்ல" என்றாள்.

சுருட்டை திரும்பவில்லை. அவளுக்கும் அவசரம் இல்லை போலிருந்தது. "இப்ப?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

"அக்கா, கை வலிக்குது" என்று பொடியன் கிசுகிசுத்தான்.

"மாத்தி விசிறுடா" என்றாள் திருகாணி.

அவன் நோட்டுப் புத்தகத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு விசிறினான். சிவப்புப் புள்ளி மங்காமல் எரிந்தது.