கசப்பைத் துப்பியவர்கள்

விந்தணுவை எண்ணிக் காட்டும் உயிரணுமானியின் சின்னத் திரையில் மூன்றாம் நாளும் சுழியம்தான் நின்றது. பொற்கொடி கண்ணாடித் தட்டைத் துடைத்துவிட்டு, கிடாயிடம் எடுத்த இன்னொரு சொட்டை வைத்துப் பார்த்தாள். அதே சுழியம்.

"என்னடா வெள்ளையா, பேருக்கு ஒண்ணுகூடவா இல்ல?"

கிடாய் கடலைக்கொடியை மென்றபடி அவளை ஏறிட்டது. முப்பத்தெட்டுப் பெட்டைகளுக்கும் அது ஒன்றே கிடாய். அதற்குக் கடலைக்கொடி போடத் தொடங்கிய இந்தப் பருவத்தில் ஒரு பெட்டைக்கும் சினை பிடிக்கவில்லை. பொற்கொடியின் பார்வை அதன் வாயில் தொங்கிய கொடியிலேயே நின்றது. சட்டென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

வேப்பங்குழியின் பன்றித்தீனி நிலையத்தை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். மூடுகொடி விதையைக் காய்ச்சி எடுத்த சாற்றைத் தவிட்டில் பிசைந்து, வயலை அழிக்கும் காட்டுப்பன்றிகளுக்காகக் காட்டோரத் தொட்டிகளில் வைப்பாள். தின்ற ஆண்பன்றிக்கு நோய்நொடி வராது. உயிரணு மட்டும் வற்றிப்போகும். நிறுத்தினால் மூன்று மாதத்தில் மறுபடி ஊறும். முதல் நான்கு வருஷத்தில் பன்றிக்கூட்டம் பாதியானது. அப்புறம் ஏறத் தொடங்கியது. தீனி தொட்டியிலேயே கிடந்து பூசணம் பிடித்தது. புதிதாகப் பிறந்த பன்றிகள், கசப்பு வாடை பட்டாலே ஓடின.

"ஓடுதுல்ல? அப்ப சாற்றைக் கடலைக்காட்டுலயே அடிச்சிருவோம்" என்றார் விவசாயிகள் சங்கத் தலைவர் மருதையன். அடித்தார்கள். மூன்று வருஷமாக ஒரு பன்றியும் வயலில் இறங்கவில்லை.

பொற்கொடிக்குக் கல்யாணமாகி இரண்டரை வருஷம். இதுவரை இரண்டு டாக்டர், ஒரு நாட்டு வைத்தியர், மூன்று கோயில். மாத்திரை எல்லாம் அவளுக்குத்தான்.

வீட்டுக்குள் போய் மானியைக் கணவன் நல்லமுத்துவின் முன் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"என்னைக் கிடாயோட சேர்க்கிறியா?" என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அது மறுக்காம குடுத்துச்சு."

அவன் களத்துக்குப் போய்விட்டான். அவளும் மானியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அடுத்த பட்டத்துக்கும் சாறு அடிப்பதா என்று இன்று சாயங்காலம் அங்கே முடிவாகப்போகிறது.

களத்தில் புதுக்கடலை வெந்துகொண்டிருந்தது. கடலை பறித்து முடித்தால் முதல் கொப்பரையை அங்கேயே அவித்து, எல்லா வீட்டு ஆம்பளைகளும் தின்ற பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். அது வேப்பங்குழி வழக்கம். அப்புறம் வருஷம் முழுக்க எல்லா வீட்டிலும் அதே கடலைதான்.

பொற்கொடி கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"நாம பன்றியைக் குறைச்சதா நினைச்சோம் தலைவரே. உண்மையில பொறுக்கி எடுத்திருக்கோம். கசப்பு தெரியாம தின்னது குட்டி போடாமப் போச்சு. தெரிஞ்சு துப்பினதுதான் பெருகிச்சு. இப்பக் காடு முழுக்கத் துப்புற சாதி."

"நல்லதாப் போச்சு. துப்பிட்டு ஓடட்டும்."

"நாம தின்னுட்டு இருக்கோமே. வெள்ளையனுக்குச் சுழியம் காட்டுது."

"கொடியை நிறுத்தினா ஆடு சரியாகிடும்" என்றார் மருதையன். "நாம அலசி, உப்புப் போட்டு அவிச்சுத் தின்றோம். ஆட்டையும் ஆளையும் ஒண்ணாக்காத தங்கச்சி."

"பால்வாடியில இப்ப எடை போட எத்தனை பிள்ளை வருது, சொல்லுங்க."

யாரோ சிரிக்க வாயெடுத்து மூடிக்கொண்டார். ஒவ்வொருவராக வீடுகளை மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. கிழக்குத் தெரு இல்லை. மேலத்தெரு இல்லை. எல்லார் தலையும் மெதுவாகச் செந்தூரான் பக்கம் திரும்பியது. டிராக்டர் ஓட்டுகிறவன். மடியில் பத்து மாத மகளை வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சோற்றில் ஆயிரம் குறை சொல்வான் என்று ஊரே அவனைக் கேலி பேசும்.

"நீ கடலை திங்கிறதில்லையா?" என்று கேட்டார் மருதையன்.

"வாயில வைக்க முடியல அண்ணே. மூணு வருஷமாக் கசக்குது." அவன் எல்லாரையும் பார்த்தான். "உங்க யாருக்கும் கசக்கலையா?"

கையிலிருந்த கடலையைச் சிலர் மறுபடி வாயில் போட்டு, நாக்கில் புரட்டிப் பார்த்தார்கள். கசப்பு தட்டுப்படவே இல்லை.

"சாறு அடிக்கலைன்னா பன்றி ஒரு செடி விடாதே" என்று மருதையன் முனகினார்.

"முறை வச்சுக் காவல் இருப்போம். முதல் முறை எனக்கு" என்றாள் பொற்கொடி.

மருதையனுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஒரு பருப்பை விரல்களுக்கிடையில் நசுக்கி, செந்தூரானின் மகள் வாயில் தடவினார். குழந்தை ஒரு கணம் சப்பியது. பிறகு முகமெல்லாம் சுருங்க, நாக்கை முழுதாக வெளியே தள்ளித் துப்பியது.

"அப்பனை மாதிரியே" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

நல்லமுத்து எழுந்தான். மடியில் கட்டியிருந்த கடலையைக் கொப்பரைக்குள் கொட்டிவிட்டு, மனைவியின் கையிலிருந்த மானியை வாங்கிக்கொண்டான்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

அவன் பின்னால் இன்னும் நான்கு பேர் மடியை அவிழ்த்தார்கள்.